திரும்பி வந்த மூன்று மெத்தைகள்: நாய், பூனைப் படுக்கைகளில் நாற்றம் தங்காமல் தைப்பது எப்படி?

பள்ளத்தூர் தையற்கூடம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளத்தூரில் நான்கு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு திண்டு உறை, தலையணை உறை, ஊஞ்சல் மெத்தை ஆகியவற்றைத் தைத்துக் கொடுத்து வருகிறேன். கடந்த ஆடி மாதத்தில், கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை விருந்தினர் விடுதியாக நடத்துபவர்கள், தங்க வருவோர் உடன் அழைத்து வரும் நாய்களுக்குப் படுக்கை வேண்டும் என்று கேட்டதால், முதன்முறையாக இந்த வேலையில் இறங்கினேன். அதைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்கவே, மொத்தம் பன்னிரண்டு படுக்கைகள் தைத்துக் கொடுத்தேன். ஐப்பசி மழை தொடங்கிய மூன்றாவது வாரத்திற்குள் அவற்றில் மூன்று திரும்பி வந்துவிட்டன. மூன்றுக்கும் சொல்லப்பட்ட காரணம் நாற்றம்.

படுக்கையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்றடிக்கு இரண்டடி, கனம் நான்கு அங்குலம். மேலே சோபாவுக்குப் போடும் பாலியஸ்டர் வெல்வெட்; சுற்றுக்கரை மட்டும் அழகுக்காகக் கண்டாங்கிக் கட்டம். தரையின் ஈரம் ஏறக் கூடாது என்று அடிப்பக்கத்திற்கு ரெக்ஸின் வைத்தேன். உள்ளே பாதி இலவம் பஞ்சு, பாதி ஃபோம் துண்டுகள். நாற்றத்தைத் தடுப்பதற்கென்றே, இஸ்திரிக் கடையிலிருந்து கொட்டாங்கச்சிக் கரி வாங்கிப் பொடித்து, காடாத் துணிப் பையில் கட்டி நடுவில் வைத்தேன். அதனுடன் ஒரு பிடி வெட்டிவேரும், மூலைகளில் கற்பூர வில்லைகளும் சேர்த்தேன். ஜிப் ஒன்பது அங்குல நீளம்தான். அடைப்பதற்கு மட்டும் போதும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவற்றில் முதலாவது, கோட்டையூரில் ஒரு ராஜபாளையம் நாய் படுத்தது. நனைந்த துணியைப் பல நாள் மூடி வைத்தால் வரும் வாடை அதில் வருகிறது. இரண்டாவது, புதுவயலில் வயதான ஒரு பெண் நாயுடையது. அதில் மூத்திர வாடை. மூன்றாவது, கண்டனூரில் ஒரு கடுவன் பூனையுடையது. அதைக் கூடத்திற்குள் கொண்டுவரவே முடியவில்லை. வாங்கியவர்கள் எவரும் கடிந்து பேசவில்லை. ஆனாலும் காசு வாங்கித் தைத்த பொருள் மூன்று வாரத்தில் வாசலுக்கு வெளியே போய்விட்டதே என்ற வருத்தம் என்னை உறங்கவிடவில்லை.

கரியின் அளவைக் கூட்ட வேண்டுமா? செயலூட்டிய கரி என்று தனியாக விற்கிறார்களே, அது வேறா? நாற்றத்தைத் தடுக்கும் பூச்சுள்ள துணி என்று இணையத்தில் விற்பதை வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

தேவகோட்டை நூற்பாலையாளர் (பதில்)

அம்மா, வணக்கம். கோவைப் பக்கத்து ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு, இப்போது சொந்த ஊரில் ஓய்வில் இருக்கிறேன். கரியைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கு முன்பாக, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. அது தெரிந்தால் உங்கள் அமைப்பில் எது எதிர்வேலை செய்தது என்பது தானாகவே விளங்கும்.

நாய்க்கு மனிதரைப் போல உடம்பெங்கும் வியர்வை வழிவதில்லை; அவ்வகை வியர்வை பெரும்பாலும் உள்ளங்கால்களில்தான். ஆனால் அதன் தோல் ஓயாமல் எண்ணெய் சுரக்கிறது. அந்த எண்ணெயும், எச்சிலும், உதிரும் தோலும் துணியில் படிகின்றன. படிந்தவுடன் அவை பெரிதாக நாறுவதில்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் அவற்றைத் தின்று, காற்றில் எளிதில் கலக்கும் சிறு கொழுப்பு அமிலங்களாக உடைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. அந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். சித்திரை வெயிலில் இதே மெத்தை மூன்று மாதம் கூடத் தாங்கியிருக்கும். ஐப்பசியில் மூன்று வாரத்தில் தோற்றது அதனால்தான். ஆகவே நீங்கள் எதிர்க்க வேண்டியது வாடையை அன்று. உள்ளே சேர்ந்து வெளியேற முடியாமல் நிற்கும் ஈரத்தையும் எண்ணெயையும்தான்.

இனி துணிக்கு வருவோம். சாதாரணக் காற்றிலிருந்து பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதும், பாலியஸ்டர் 0.4 விழுக்காடுதான் எடுத்துக்கொள்ளும் என்பதும் ஆலைகளில் நாங்கள் கணக்கிடப் பயன்படுத்தும் அளவுகள். இதைப் படிப்பவர்கள் பாலியஸ்டரே உலர்ந்த துணி, அதுவே நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மை அப்படியில்லை. தண்ணீரை ஒதுக்கும் அந்த இழை எண்ணெயை விரும்பிப் பிடித்துக்கொள்கிறது. துவைத்தாலும் முழுவதும் விடுவதில்லை. ஆகவே துவைத்த வெல்வெட்டில் நாய் மறுபடி படுத்த அன்றே பழைய வாடை திரும்பும். பருத்தி ஈரத்தை ஏற்றாலும், சலவையில் எண்ணெயை விட்டுக்கொடுக்கும். உங்கள் மேல் துணிக்குப் பருத்திதான் பொருத்தம். அதுவும் முடி சிக்காத, நெருக்கமாக நெய்த கெட்டித் துணியாக இருக்கட்டும்.

இலவம் பஞ்சின் இழை உள்ளே குழல் போல வெறுமையாகவும், மேலே மெழுகு பூசியது போலவும் இருக்கும். தண்ணீர் எளிதில் ஒட்டாது என்பதால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் அதை அடைத்தார்கள். அதே மெழுகுத் தன்மையால் அது எண்ணெயை நன்றாக உறிஞ்சும். நாயின் தோல் எண்ணெயை உறிஞ்சிய பஞ்சை நீங்கள் துவைக்கவும் முடியாது. துவைத்தால் கட்டி தட்டிவிடும். ஃபோமின் நிலையும் ஏறக்குறைய அதுவே. அதன் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால், உள்ளே போன ஈரம் நடுவிலிருந்து வெளியே வர மிக நீண்ட நேரம் பிடிக்கும்.

கரி விஷயம். இஸ்திரிக் கரியும் செயலூட்டிய கரியும் ஒரே கொட்டாங்கச்சியிலிருந்து வந்தாலும் ஒன்றல்ல. கரியை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து நீராவி செலுத்தும்போது அதற்குள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. ஒரு கிராம் கரியில் அந்தத் துளைச் சுவர்களின் பரப்பு 1,000 சதுர மீட்டரை எட்டும். வாடை மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில்தான் ஒட்டிக்கொள்கின்றன. இஸ்திரிக் கரியில் அவ்வளவு துளைகள் இல்லை. ஆனால் செயலூட்டிய கரியை வாங்கி அதே இடத்தில் வைத்தாலும் பயன் மிகக் குறைவு. நான்கு அங்குலப் பஞ்சுக்கு நடுவில், அடியில் ரெக்ஸின் மூடியிருக்க, அங்கே காற்று எப்படிச் சென்று வரும்? காற்று போகாத இடத்துக் கரி எதையும் பிடிக்காது. நனைந்துவிட்டாலோ துளைகளில் தண்ணீரே நிறைந்துவிடும். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவைச் சாதாரணச் செயலூட்டிய கரி நன்றாகப் பிடிப்பதும் இல்லை. கரி வைத்தே ஆக வேண்டுமென்றால், சுற்றுத் திண்டில், கழற்றி மாற்றக்கூடிய சிறு பையில், தூளாக இன்றிக் குருணையாக வையுங்கள். நாய் எழுந்து படுக்கும்போதெல்லாம் திண்டு அமுங்கி விரிவதால் அங்கே கொஞ்சம் காற்று ஓடும். கரி நிறைந்துவிட்டால் வெயிலில் காய வைப்பதால் முழுவதும் மீளாது, மாற்றத்தான் வேண்டும்.

பூச்சுத் துணியில் நான் உங்களைக் காசு போடச் சொல்ல மாட்டேன். வெள்ளி போன்றவற்றைப் பூசிய துணிகள், தம்மைத் தொடும் நுண்ணுயிரைத்தான் தாக்கும். நாயின் படுக்கையில் சில நாட்களிலேயே எண்ணெய்ப் படலமும் முடியும் பூச்சை மூடிவிடும். சலவைக்குச் சலவை பூச்சும் குறையும்.

இரண்டு சோதனைகளை உங்கள் கூடத்திலேயே செய்யலாம். மெத்தையைக் காய்ந்த நிலையில் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு, நன்றாக நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டு, இரண்டு மணிக்கு ஒரு முறை நிறுங்கள். பழைய எடைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுவே அந்த மெத்தையின் உண்மையான தரம். கைக்குக் காய்ந்தது போலத் தெரிவதை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். அடுத்ததாக, ஒரு வாரம் நாய் படுத்த வெவ்வேறு துணித் துண்டுகளை மூடியுள்ள தூக்குச் சட்டிகளில் தனித்தனியாக ஓர் இரவு வைத்து, நாய் வளர்க்காத ஒருவரைக் கொண்டு மோந்து பார்க்கச் செய்யுங்கள். வளர்ப்பவரின் மூக்கு அந்த வாடைக்குப் பழகிப் போயிருக்கும். அதன் தீர்ப்பு செல்லாது.

காரைக்குடி மெத்தைக் கடை (பதில்)

ஆச்சிக்கு வணக்கம். நூற்பாலை ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் இலவம் பஞ்சை முழுக் குற்றவாளியாக ஆக்கிவிட வேண்டாம் என்று, மூன்று தலைமுறையாகப் பஞ்சு தட்டி வரும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளில் இலவம் பஞ்சு மெத்தைகள் இருபது ஆண்டுகள் உழைத்திருக்கின்றன. அவற்றின் மேல் விரிப்பு இருந்தது. வெயில் நாளில் மாடிக்குப் போனது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்துத் தட்டி வேறு உறையில் அடைக்கப்பட்டது. பஞ்சுக்கு அந்தப் பராமரிப்பு வேண்டும். நாய் மெத்தைக்கு அதை எவரும் செய்யப் போவதில்லை என்பதால், இந்த வேலைக்குப் பஞ்சு பொருந்தாது என்ற முடிவுக்கு நானும் வருகிறேன்.

எனக்குப் பெரிய பிழையாகத் தெரிவது அடியில் வைத்த ரெக்ஸின்தான். நம் பக்கத்து வளவுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எப்போதும் குளிர்ந்திருக்கும். மேலே நாயின் உடல் சூடு, கீழே குளிர்ந்த தரை, நடுவில் காற்றுப் புகாத ரெக்ஸின் என்றால், மேலிருந்து இறங்கும் ஈரம் அந்த ரெக்ஸினின் உட்பக்கத்தில்தான் வந்து தங்கும். மழைக்காலத்தில் முற்றத்தை ஒட்டிப் போட்ட மெத்தை என்றால் கேட்கவே வேண்டாம். திரும்பி வந்த மெத்தையின் அடியைப் பிரித்துப் பாருங்கள். கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே தரையிலிருந்து படுக்கையை உயர்த்துங்கள். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நாடாக் கட்டிலைச் சிறிதாக்கினால் போதும். அரையடி உயரத்தில் ஒரு மரச் சட்டம் செய்து, குறுக்கும் நெடுக்குமாக நைலான் நாடாவை விரலிடைவெளி விட்டுப் பின்னிவிட்டால், மேலிருந்தும் கீழிருந்தும் காற்று வரும். பருத்தி நாடா வேண்டாம். ஈரத்தில் தொய்ந்து வாடை பிடிக்கும். தேங்காய் நார்க் கயிறு உறுதியானது, எளிதில் மக்காது. ஆனால் சிறு முடியுள்ள நாயின் தோலை அராவும். இரும்புச் சட்டம் வைக்கிறவர்கள் காலடியில் ரப்பர் குமிழ் போட மறக்கக் கூடாது. ஆத்தங்குடிக் கல்லில் துருக்கறை படிந்தால் அது போகவே போகாது.

கட்டிலின் மேல் போடும் மெத்தைக்கு என் பாட்டி செய்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய நூல் சேலைகளையும் வேட்டிகளையும் ஐந்தாறு அடுக்காக வைத்துக் குழந்தைகளுக்கு விரிப்புத் தைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. வழக்கமாக நான்கு பக்கமும் தைத்து நடுவிலும் ஓட்டுத் தையல் போடுவார்கள். என் பாட்டி ஒரு பக்கத்தை மட்டும்தான் தைப்பார். மற்ற மூன்று பக்கமும் புத்தகத்தின் ஏடுகளைப் போலத் திறந்தே இருக்கும். துவைத்துக் கொடியில் போடும்போது அடுக்குகள் பிரிந்து ஒவ்வொன்றின் நடுவிலும் காற்றுப் போகும். குழந்தை இரவில் நனைத்தது மாலைக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். கலையாமல் இருக்க எதிர்ப்பக்கத்தில் மூன்று இடத்தில் நாடா முடிச்சு வைத்திருப்பார். நாய்க்கும் இதையே செய்யலாம். உள்ளே அடைக்க வேண்டியது எதுவும் இல்லை. துவைக்க முடியாத பாகம் என்றும் எதுவும் இல்லை.

பள்ளத்தூர் தையற்கூடம்

இருவருக்கும் மிக்க நன்றி. ராஜபாளையம் படுத்த மெத்தையை இன்று காலை பிரித்துப் பார்த்தேன். அண்ணன் சொன்னபடியே ரெக்ஸினின் உட்புறம் முழுவதும் கரும்புள்ளிகள். மேலே தொட்டால் காய்ந்திருந்த மெத்தையின் நடு ஃபோம் விரலில் ஈரமாகவே பட்டது. கரிப்பை அதே இடத்தில், நனைந்து இறுகிக் கிடந்தது.

நூல் ஏடு மெத்தையை இந்த வாரமே தைத்துப் பார்க்கிறேன். ஆனால் புதுவயல் நாய்க்கும் கண்டனூர்ப் பூனைக்கும் இதே அமைப்பு போதுமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. அந்த இரண்டின் வாடையும் ஈர வாடை அல்ல.

திருப்பத்தூர் கால்நடை மருத்துவர் (பதில்)

வணக்கம். உங்கள் ஐயம் சரியானது. மூன்று மெத்தைகளும் மூன்று வேறு சிக்கல்களைச் சொல்கின்றன. ஆனால் அவற்றுக்கு முன், கற்பூரத்தை உடனே எடுத்துவிடுங்கள். மற்ற ஒன்பது படுக்கைகளை வாங்கியவர்களிடமும் இன்றே சொல்லி எடுக்கச் செய்யுங்கள். கற்பூரம் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. கடித்து விழுங்கினால் வாந்தியும் வலிப்பும் வரக்கூடும். அந்துருண்டை, யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய் ஆகியவையும் படுக்கையின் பக்கமே வரக் கூடாது. பூனையைப் பொறுத்தவரை, தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாக மாறும் பினாயில் வகைகளும் ஆபத்தானவை. ஃபீனால் வகைப் பொருள்களை மாற்றி வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை. துணியில் ஒட்டியதைப் பூனை தன் உடம்பை நக்கும்போது உள்ளே கொண்டுவிடும். வெட்டிவேருக்கு அவ்வளவு அச்சம் இல்லை. எனினும் நம்மைவிடப் பன்மடங்கு மோப்பம் உள்ள விலங்கின் முகத்தருகே எந்த நறுமணத்தையும் கட்டாயப்படுத்தி வைப்பது நல்லதல்ல. மணம் பிடிக்காமல் நாய் மெத்தையை விட்டுத் தரையில் போய்ப் படுத்துக்கொள்வதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ராஜபாளையத்தின் கதை பெரும்பாலும் முன்னவர்கள் சொன்ன ஈரம்தான். ஆனாலும் மெத்தையை மாற்றிய பிறகும் அதே வாடை வந்தால் நாயைப் பரிசோதிக்க வேண்டும். தோலில் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகினாலும், காதில் சீழ் இருந்தாலும், பல் கெட்டிருந்தாலும் வாடை வரும். மீன் வாடை போல வந்தால் ஆசனவாய்ச் சுரப்பியைப் பார்க்க வேண்டும். இவை எதையும் மெத்தையால் தீர்க்க முடியாது. இன்னொன்றையும் மெத்தைக் கடை அண்ணனின் யோசனையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, முழங்கை எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். நாடாவின் மேல் மெல்லிய விரிப்பு மட்டும் இருந்தால் முழங்கையில் காய்ப்பு விழும். சில நாய்களுக்கு நீர் கோத்த வீக்கமும் வரும். ஐந்து அடுக்குக்குப் பதில் எட்டு, பத்து அடுக்காக வையுங்கள்.

புதுவயல் நாய், கருப்பை நீக்க அறுவை செய்யப்பட்ட நாயாக இருந்தால், உறக்கத்தில் தானறியாமல் மூத்திரம் கசிகிறதா என்று கேளுங்கள். அறுவை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்குச் சிறுநீர் வழியின் தசை தளர்ந்து இப்படி ஆவது நாங்கள் அடிக்கடி காண்பது; மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படும். சிறுநீரகக் கோளாறும் நீரிழிவும் கூடக் காரணமாக இருக்கலாம். ஆகவே புது மெத்தை கொடுக்கும்போதே, மருத்துவரிடம் ஒரு முறை காட்டச் சொல்லிக் கொடுங்கள். மூத்திரம் விழுந்தவுடன் வாடை கடுமையாக இருக்காது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாவின் நொதி அம்மோனியாவாக உடைத்த பிறகுதான் மூக்கைத் துளைக்கும். அதற்கு முன் அந்த அடுக்கை எடுத்து அலசிவிட வேண்டும். இந்த நாய்க்கு மட்டும் நூற்பாலை ஐயா சொன்ன விதிக்கு விலக்காக, மேலே சடை போன்ற பாலியஸ்டர் ஃப்ளீஸ் துணியைப் போடச் சொல்வேன். அது மூத்திரத்தைத் தன்னில் வைத்துக்கொள்ளாமல் கீழே விட்டுவிடும். ஈரத்தில் கிடந்து தோல் வெந்து போகாது. தினமும் துவைக்கப் போகும் துணி என்பதால் எண்ணெய் சேர்வதற்கும் நேரமில்லை. அதற்குக் கீழே உறிஞ்சும் பருத்தி அடுக்குகள், எல்லாவற்றுக்கும் கீழே குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட் அல்லது நீர்புகா மெத்தை உறைத் துணி. அந்த நீர்புகாத் துணியின் நடுவில் தையல் போடாதீர்கள். ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு கசிவு வழி. அதை வெறுமனே விரித்து மூலைகளில் மட்டும் எலாஸ்டிக் வைத்தால் போதும்.

கண்டனூர்க் கடுவன், காயடிக்கப்படாததாகவே இருக்க வேண்டும். பூனையின் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற பொருள் உண்டு; அது சிதையும்போது கந்தகம் கலந்த, மிகச் சிறு அளவிலேயே மூக்கைத் தாக்கும் பொருள்கள் உண்டாகின்றன. காயடிக்காத கடுவனில் அது மிக அதிகம். அது படுக்கையை நனைக்கவில்லை; தன் எல்லையைக் குறிக்கிறது. காயடித்தால் வாடையும் குறையும், அந்தப் பழக்கமும் பெரும்பாலான பூனைகளில் நின்றுவிடும். அதைச் செய்யாமல் எத்தனை நல்ல மெத்தை கொடுத்தாலும் அது மீண்டும் உங்களிடமே திரும்பி வரும்.

மூன்று பூனை வீடு, கொத்தமங்கலம் (பதில்)

தங்கைக்கு வணக்கம். பூனைகளோடு பத்தாண்டுகளாக ஒரு பெரிய பழைய வீட்டில் இருக்கிறேன் என்பதால், மெத்தையோடு தரையையும் சேர்த்துப் பேச விரும்புகிறேன். படுக்கையில் விழுவது தரைக்கும் இறங்குகிறது.

பூனை மூத்திரத்திற்கு வினிகர் ஊற்றித் துடைக்கும்படி இணையத்தில் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அம்மோனியாவை அமிலம் அடக்கும் என்பது உண்மையே. துணிக்கு அதைச் செய்யலாம். ஒரு பங்கு வினிகருக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்தால் துணியில் வாடை நன்றாகக் குறைகிறது. ஆனால் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது. சுவர்ப் பூச்சு சுண்ணாம்பு. இரண்டையும் அமிலம் அரிக்கும். நான் தெரியாமல் வளவின் ஒரு மூலையில் ஒரு மாதம் வினிகரும் எலுமிச்சையும் போட்டுத் துடைத்ததில், அந்த இடத்துக் கற்கள் பளபளப்பு இழந்து சொரசொரப்பாகிவிட்டன. சொரசொரப்பான கல் மூத்திரத்தை இன்னும் ஆழமாகக் குடித்தது. பெரியவர்கள் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய தரை அது. இன்றும் அந்த மூலையைக் கடக்கும்போது மனம் வலிக்கிறது. இப்போது, விழுந்தவுடன் பழந்துணியால் ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரால் இருமுறை துடைத்து, அமிலம் கலக்காத நொதிக் கரைசலைத் தடவிச் சற்று நேரம் விட்டு எடுக்கிறேன். உங்கள் மெத்தையோடு கொடுக்கும் குறிப்பில் இதையும் எழுதிக் கொடுத்தால், எத்தனையோ வீட்டுத் தரைகள் தப்பும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து பொங்க விடுவதும் பயனற்றது. ஒன்றை ஒன்று அழித்து உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். நாயின் கொழுப்பு அமில வாடைக்குச் சோடாவைத் தூவி உதறலாம். மூத்திரத்திற்கு அது ஆகாது. மூத்திரம் பட்ட துணியில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

பூனைப் படுக்கையில் நான் கண்ட இன்னொரு செய்தி: எல்லா உறைகளையும் ஒரே நாளில் துவைத்துவிட்டால், தன் வாசம் இல்லாத படுக்கையைப் பூனை புதிய இடமாக எண்ணி மறுபடி குறி போடுகிறது, அல்லது ஏறிப் படுக்க மறுக்கிறது. ஆகவே ஒவ்வொரு படுக்கைக்கும் இரண்டு உறைகள் வைத்து, ஒன்றைத் துவைக்கும்போது பழைய சிறு விரிப்பு ஒன்றை மட்டும் துவைக்காமல் விட்டுவைக்கிறேன். பனையோலைக் கொட்டானைப் படுக்கையாக வைத்துப் பார்த்தேன். பூனைக்கு மிகவும் பிடித்திருந்தது, காற்றோட்டமும் இருந்தது. ஆனால் கார்த்திகை ஈரத்தில் ஓலையின் மடிப்புகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. கோடைக்கு மட்டும் அதைச் சொல்லலாம்.

பள்ளத்தூர் தையற்கூடம்

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். முதலில், ஒன்பது வீடுகளுக்கும் தொலைபேசியில் பேசிக் கற்பூரத்தை எடுக்கச் செய்துவிட்டேன். எந்த விலங்குக்கும் தீங்கு நேரவில்லை. டாக்டர் ஐயாவுக்கு இதற்காகத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

எட்டு அடுக்கு நூல் ஏடு மெத்தை ஒன்றைத் தைத்து, பழைய மெத்தையோடு சேர்த்து நனைத்து நிறுத்துப் பார்த்தேன். மேகமூட்டமான நாள், மழை இல்லை. காலை எட்டு மணிக்குப் போட்டதில், ஏடு மெத்தை மாலை நான்கு மணிக்குத் தன் பழைய எடைக்கு வந்துவிட்டது. பழைய மெத்தை மூன்றாம் நாளும் வரவில்லை. தூக்குச் சட்டிச் சோதனையைக் கோட்டையூர் வீட்டாரின் ஒத்துழைப்போடு செய்தேன். நாய் வளர்க்காத என் பக்கத்து வீட்டு ஆச்சிதான் மோந்து பார்த்தார். வெல்வெட் துண்டு இருந்த சட்டியைத் திறந்தவுடன் மூடிவிட்டார். பருத்தித் துண்டில் வாடை இருந்தது, ஆனால் துவைத்த பிறகு இல்லை என்றார். வெல்வெட்டில் துவைத்த பிறகும் இருந்தது.

புதுவயல் நாய் அறுவை செய்யப்பட்டதே என்று தெரிந்தது. மருத்துவரிடம் காட்டி மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு டாக்டர் ஐயா சொன்ன மூவடுக்கை, மூன்று செட்டாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன். கண்டனூர் வீட்டார் கடுவனைக் காயடிக்க இன்னும் தயங்குகிறார்கள். அது வரை அவர்களுக்குப் புது மெத்தை தைப்பதில்லை என்று பணிவாகச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கட்டிலுக்குப் பழைய தேக்குச் சட்டங்களைக் கொண்டு ஓர் ஆசாரியிடம் மாதிரி ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். விடுதிக்காரர்களுக்குப் பழஞ்சேலை கொடுக்க முடியாது என்பதால், அடுக்குகளுக்குப் புதிய காடாத் துணியும், மேல் ஏட்டுக்கு மட்டும் கண்டாங்கிக் கட்டமும் வைக்கலாம் என்று இருக்கிறேன். காடாத் துணியை வாங்கியபடியே வெட்டித் தைக்கலாமா? தையலுக்கு எந்த நூல் நல்லது?

தேவகோட்டை நூற்பாலையாளர்

அம்மா, வாங்கியபடியே வெட்டாதீர்கள். தறியில் பாவு அறுந்து போகாமல் இருக்க ஏற்றிய கஞ்சி காடாத் துணியில் அப்படியே இருக்கும். நுண்ணுயிர்களுக்கு அது நல்ல தீனி. துணியை ஓர் இரவு முழுவதும் வெதுவெதுப்பான தண்ணீரில், நொதி கலந்த சலவைத்தூள் போட்டு ஊறவைத்து, மறுநாள் கொதிக்கும் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்து அலசுங்கள். நொதி கொதிநீரில் செயலிழந்துவிடும் என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். அலசிய துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நிற்காமல் உடனே உள்ளே இழுத்தால் துணி தயார்.

கண்டாங்கித் துணிக்குக் கொதிநீர் வேண்டாம். அதைக் குளிர்ந்த தண்ணீரில் தனியாக ஊறவைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே காடாத் துணியோடு சேருங்கள். வாடிக்கையாளர்களிடம், கட்டிச் சோப்புக்குப் பதிலாகச் சலவைத்தூள் போடச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு திரிந்து துணியில் பிசுக்காகத் தங்கி, அதுவே வாடைக்கு இடமாகிவிடும். துணியை மென்மையாக்கும் திரவத்தையும் தவிர்க்கச் சொல்லுங்கள். அது இழைகளின் மேல் படிந்து ஈரம் இழுக்கும் தன்மையைக் குறைக்கும். ஏடுகளைச் சேர்க்கும் அந்த ஒரு பக்கத்திற்கு மட்டும் பாலியஸ்டர் நூல் போடுங்கள். பருத்தி நூல் அடிக்கடி நனைந்து காய்வதில் அங்கேதான் முதலில் இற்றுப் போகும். தையலை இரண்டு வரியாக, அரை அங்குல இடைவெளியில் ஓட்டுங்கள்.

பள்ளத்தூர் தையற்கூடம்

நன்றி ஐயா. காடாத் துணி இன்று இரவே ஊறுகிறது. மாதிரிக் கட்டில் வந்தவுடன் படம் எடுத்துப் போடுகிறேன்.